அளவெடுத்த துணி, அளவெடுக்காத துணி

சித்ரா பௌர்ணமி விடிகாலையில் மதுரையில் வைகைக்குள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், கள்ளழகர் வந்து சேர்வதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கைமாற்றிக்கொண்டிருக்கும்: “என்ன பட்டு?” பச்சை என்றால் அந்த வருசம் விளைச்சல், செழிப்பு. சிவப்பு என்றால் பெரியவர்கள் முகம் சுருங்கும். குதிரை வாகனம் கண்ணில் படுவதற்குள் நிறம் வாய்வழியாக ஆற்று மணலுக்கு வந்து சேர்ந்துவிடும். ஒரு ஊரே கூடி நின்று ஒரு துணியை வாசிக்கும் நாள் அது.

இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று வளர்ந்து ஆளாவதை நாவலாக எழுத வருகிறவர்களுக்கு அந்தப் பட்டுதான் முதல் கண்ணி. கதாநாயகிக்குச் சிவப்புத் தாவணி கொடுத்தால் ஆசை, வெள்ளை கொடுத்தால் இழப்பு, பச்சை கொடுத்தால் நம்பிக்கை என்று நிறத்தை அள்ளிப் பூசிவிடுகிறார்கள். அழகர் பட்டின் நிறம் பேசுகிறது என்றால், அது வருசத்துக்கு ஒருநாள் வருகிறது, அதன் பொருளை லட்சம் பேர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செல்லூரில் ஒரு பையன் போட்டிருக்கும் ரோஸ் கலர் சட்டைக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் எங்கே இருக்கிறது? விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் ஒரு தானில், அதாவது முழுத் துணிச்சுருளில், மிஞ்சிய கட்பீஸ், மலிவாகக் கிடைத்தது, எடுத்துவிட்டார்கள். வெள்ளையும் அப்படித்தான். கைம்பெண்ணுக்கும் வெள்ளை, மந்திரிக்கும் வெள்ளை, பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் வெள்ளை.

வளர்பருவ நாவலில் நிறத்தை நம்புவதைவிட அளவை நம்பலாம். உடம்பு வளர்கிறது, துணி வளர்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் கதை நடக்கிறது. அந்த இடைவெளியை அங்குலக் கணக்கில் தெரிந்து வைத்திருக்கிறவருக்குக் குறியீடு என்று தனியாக எதையும் தேட வேண்டிய வேலையில்லை.

முதலில் உடம்பின் கணக்கு. நாலைந்து வயதிலிருந்து பருவம் எட்டும்வரை பிள்ளைகள் வருசத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். பருவம் தொடங்கியதும் வேகம் கூடும். உச்சத்தில் பெண்பிள்ளைகள் வருசத்துக்கு 8 சென்டிமீட்டரைத் தொடலாம், பையன்கள் 9ஐத் தாண்டலாம். எழுதுகிறவருக்கு இதைவிட உபயோகமானது வளரும் வரிசை. பாதம் முந்திக்கொள்ளும், பிறகு கால் நீளும், அதன் பிறகுதான் முண்டமும் தோளும் அகலும். எனவே செருப்புதான் முதலில் கடிக்கும். அடுத்து பேண்ட் கரண்டைக்கு மேலே ஏறும். சட்டை அப்போதும் தொளதொளவென்றுதான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு வருசம் கழித்துத்தான் சோல்டர் தையல் உள்ளே இழுபட்டு, கக்கத்தில் பிடிக்கும். “ஒரே கோடையில் அவனுக்கு எல்லா உடுப்பும் சின்னதாகிவிட்டது” என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் தெரியாது. பேண்ட் குட்டை, சட்டை பெரிசு என்று எழுதினால் அவனுக்குப் பதிமூன்றா பதினாலா என்றுகூடச் சொல்லிவிடலாம்.

துணியின் கணக்குத் தையல்காரரிடம் இருக்கிறது. சின்னப் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தால் அவர் கேட்பது, “எத்தனை டக் வைக்க?” டக் என்பது கரைக்குச் சற்று மேலே பாவாடையைச் சுற்றிப் பிடித்து அடிக்கும் மடிப்பு. ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு டக் பிடித்தால் இரண்டு அங்குலத் துணி உள்ளே போய்விடும். இரண்டு டக் என்றால் நாலு அங்குலம். பெண் வருசத்துக்கு 6 சென்டிமீட்டர் வளர்ந்தாலும் இடுப்பிலிருந்து கரண்டை வரைக்குமான பங்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். ஆகவே இரண்டு டக்கும் சேர்ந்து மூன்று வருசத்தைத் தள்ளிவிடும். இடுப்பைப் பற்றிக் கவலையில்லை, நாடாதான்.

டக்கைப் பிரிப்பதற்கென்றே நீளத் தையலாக அடிப்பார்கள். பிரித்த பிறகு என்ன தெரியும் என்பதில்தான் கவனம் வேண்டும். உள்ளே மடிந்து கிடந்த துணி வெயிலும் தண்ணீரும் படாமல் கடைக்காரர் விரித்துக் காட்டிய நாளின் நிறத்தில் இருக்கும். மேலும் கீழும் வெளுத்து, நடுவில் மட்டும் ஒரு பட்டை பளிச்சென்று நிற்கும். மடிப்பின் முனை இருந்த இடம் உரசி உரசி நரைத்த கோடாக ஓடும். ஊசித் துளைகள் பருத்தியில் நாலைந்து சலவையில் அடைந்துவிடும், பட்டில் அடையாது. கல்யாண வீட்டில் ஒரு பெண் பாவாடையை விரித்து உட்கார்ந்திருக்கும்போது, விவரம் தெரிந்த பெரியம்மா ஒருத்தி அந்தக் கோடுகளைப் பார்த்தே இது எந்த வருசத்துப் பட்டு, எத்தனை தடவை இறக்கிவிட்டது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவாள். பெண்ணுக்கும் அது தெரியும். அதனால்தான் முழங்காலை மடக்கி, அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாவலாசிரியர் எழுத வேண்டியது அந்தக் கையை. “பழைய பாவாடை அவளுக்கு அவமானமாக இருந்தது” என்ற வரி வந்தால் கை செத்துவிடும்.

பையன்கள் பக்கம் இதே கணக்கு வேறு மாதிரி போகும். அரைக்கால் டவுசர் நீளம் போதாமல் சாவது அபூர்வம். தொடை வரைக்குமான துணிக்கு வருசத்துக்கு முக்கால் அங்குலம் கூடினால் பெரிது. சிமெண்டுத் தரையிலும் பெஞ்சிலும் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் தேய்ந்துதான் டவுசர் சாகும். தபால்பெட்டி என்று கூட இருக்கும் பயல்கள் பெயர் வைக்கும் கட்டம் வந்ததும் ஒட்டுப் போட வேண்டும். வெளித்துணி வாங்கினால் நிறம் சேராது. தையல்காரருக்குக் கைவசம் இருக்கும் ஒரே சேர்மானத் துணி, டவுசரின் கால் மடிப்புக்குள் விட்டு வைத்திருக்கும் இரண்டு அங்குலம். அதுவேதான் அடுத்த வருசம் இறக்கிவிடுவதற்கான இருப்பும். இப்படி ஓர் இடம் கிடைத்தால் நாவலாசிரியர் அதைக் கடந்து போகக் கூடாது. நானாக இருந்தால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்:

“இத வெட்டி ஒட்டுப் போட்டா, அடுத்த வருசம் எறக்கி விடத் துணி இருக்காதுக்கா” என்றார் டெய்லர்.

அம்மா டவுசரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். உட்காரும் இடம் சல்லடையாக இருந்தது. அந்தப் பக்கம் நின்ற மிஷினும் மிஷினுக்கு மேலே தொங்கிய காலண்டரும் அதன் வழியாகத் தெரிந்தன.

“அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்ணே. நாளைக்கி இவன் பள்ளிக்கூடம் போகணும்ல.”

கத்தரி உள்மடிப்பில் இறங்கியது. பட்டை பட்டையாக வந்த காக்கி, டவுசரைவிடக் கருப்பாக இருந்தது.

இதில் வறுமை என்ற சொல் இல்லை, பையன் வாயே திறக்கவில்லை. ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அவன் வகுப்பில் எழுந்து நின்றால், பின்னால் இருக்கிறவர்களுக்கு அடர்காக்கியில் இரண்டு திட்டுத் தெரியும். இன்னொரு வருசம் கழித்துத் தொடை தெரிய டவுசர் மேலே ஏறியிருக்கும்போது, இறக்கிவிட ஏன் வழியில்லை என்பது வாசகருக்குத் தெரியும். ஒரு காட்சியில் வெட்டிய துணி இரண்டு அத்தியாயம் தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும்.

அண்ணன் உடுப்பைத் தம்பி போடுவது எல்லா நாவலிலும் வருகிறது. அதைவிட அதிகமாக வருவது, வசதியான வீட்டுப் பையன் நாலு பேர் நடுவில் “அது என் சட்டைடா” என்று கத்தும் காட்சி. அதற்கு ஓய்வு கொடுக்கலாம். கத்தாமலே நடக்கும் ஒன்று இருக்கிறது. ஊருக்குத் துணி வெளுத்தவர்கள் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காகச் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். புள்ளியும் கோடுமாக வீட்டுக்கொரு குறி, காலருக்கு உள்ளேயோ வேட்டியின் ஓரத்திலோ இருக்கும். எத்தனை வெளுத்தாலும் போகாது. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும் பையன், ஒருநாள் அதைக் கழற்றிக் கொடியில் போடும்போது காலருக்குள் மூன்று புள்ளியும் ஒரு கோடும் பார்க்கிறான். எந்த வீட்டுக் கொடியில் அந்தக் குறி தொங்கும் என்பது அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். அன்றிலிருந்து அவன் காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு திரிகிறான் என்றால், கூட இருக்கிறவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

தீபாவளித் துணிக்கும் ஒரு வார்த்தை. ஒரே தானிலிருந்து வீட்டில் அத்தனை ஆண்பிள்ளைகளுக்கும் சட்டை எடுப்பதை ஒற்றுமையின் அடையாளம் என்று எழுதுகிறார்கள். மொத்தமாக எடுத்தால் துணி மிச்சமாகும் என்பதுதான் அதன் காரணம். 36 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) பெரிய ஆளுக்கு அரைக்கை சட்டை என்றால் இரண்டேகால் மீட்டர். தனித்தனியாக வெட்டினால் ஒவ்வொரு சட்டையிலும் ஓரத்துண்டு வீணாகும். சேர்த்து வெட்டினால் அப்பா சட்டையில் மிஞ்சியதில் கடைக்குட்டியின் காலரும் பாக்கெட்டும் வந்துவிடும். கடைக்குட்டியின் பாக்கெட்டில் மட்டும் கோடு குறுக்காக ஓடும், மிச்சத் துணியை அந்த வாக்கில்தான் வெட்ட முடிந்திருக்கும். புதுச்சட்டையின் ஓரத்தில் தொட்டு வைத்த மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த மஞ்சள் எப்போது வெளுத்து மறைகிறது என்பதை வைத்தே ஒருவர் காலத்தை நகர்த்தலாம், “மாதங்கள் உருண்டோடின” என்று எழுத வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தைத்த துணி. தைத்த துணி உடம்பை அளக்கும், பற்றவில்லை என்றால் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் நாவலுக்கு வாய்த்த ஒரு வசதி இதற்குப் பிறகுதான் வருகிறது. வெள்ளைக்காரர்களின் பையன் குட்டைக் கால்சட்டையிலிருந்து நீளக் கால்சட்டைக்குப் போகிறான், ஒரு தைத்த துணியிலிருந்து இன்னொரு தைத்த துணிக்கு. நம் பிள்ளைகள் தைத்ததிலிருந்து தைக்காததுக்குப் போகிறார்கள். டவுசரிலிருந்து வேட்டிக்கு, பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு, தாவணியிலிருந்து சேலைக்கு. தைக்காத துணிக்கு அளவே கிடையாது. பதினாறு வயதுப் பையன் கட்டுவதும் அவன் தாத்தா கட்டுவதும் அதே நாலு முழம். எனவே பெரியவனாவது என்பது இங்கே, உடுப்பு நம்மை அளப்பது நின்று, நாம் உடுப்பை அளந்து கட்டத் தொடங்கும் இடம்.

அது எவ்வளவு சிரமம் என்பதைத் துணியை வைத்தே சொல்லலாம். ஒரு முழம் 18 அங்குலம், நாலு முழம் 72. அப்பாவின் 36 அங்குல இடுப்பில் வேட்டி சரியாக இரண்டு சுற்று வந்து நிற்கும். பையனின் 26 அங்குல இடுப்பில் இரண்டே முக்கால் சுற்று, முனை முதுகுப் பக்கம் போய்த் தொலைந்துவிடும். உயரத்திலும் சிக்கல். வேட்டியின் பன்னா 50 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஐந்தடிப் பையனுக்கு இடுப்பிலிருந்து தரைவரை 38 அங்குலம்தான். மிச்சம் ஓர் அடியை இடுப்பிலேயே சுருட்டியாக வேண்டும். சுருட்டிய பந்து வயிற்றில் புடைத்துக்கொண்டு நிற்கும், நடந்தால் தளரும். பெல்ட்டைப் போட்டு இறுக்குவான். புதிதாக வேட்டி கட்டியவன் ஒரு கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நடப்பதற்குக் காரணம் கம்பீரம் இல்லை. இப்போது வெல்க்ரோ வைத்த வேட்டி வந்துவிட்டது. அவிழும் பயம் போயிற்று, அந்தப் பயத்தோடு ஒரு நல்ல காட்சியும் போயிற்று. 2015க்குப் பிறகு நடக்கும் கதையில் பையன் கல்யாண வீட்டில் வேட்டியோடு மல்லுக்கட்டுகிறான் என்றால், வெல்க்ரோ ஏன் இல்லை என்று ஒரு வரியாவது சொல்லியாக வேண்டும்.

மடித்துக் கட்டுவது அடுத்த பாடம். வேலைக்கு, சேற்றுக்கு, சைக்கிளுக்கு, சண்டைக்கு மடிக்கிறார்கள். மதிக்க வேண்டியவர் எதிரே வந்தால் இறக்கிவிடுகிறார்கள். யாரைக் கண்டால் யார் இறக்க வேண்டும் என்பது சாதியும் நிலமும் எழுதிவைத்த சட்டம். தோள் துண்டு எப்போது இடுப்புக்கோ கக்கத்துக்கோ போகும் என்பதும் அதே சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்தைக் களமாக வைத்து எழுதுகிறவர் தன் பையன் முதல் தடவை வேட்டி கட்டும் காட்சியில் மூச்சைச் செலவழிப்பதைவிட, அவன் அப்பா யாரைக் கண்டு வேட்டியை இறக்கினார் என்று அவன் பார்த்த நாளுக்கு நாலு பக்கம் கொடுக்கலாம். அடுத்த தடவை அதே ஆள் எதிரே வரும்போது பையன் கை மடிப்புக்குப் போகிறதா, போகவில்லையா? நாவல் அங்கே திரும்பிவிடும்.

இது கற்பனைக்காகச் சொல்வது இல்லை. 1930 டிசம்பரில், பக்கத்து இராமநாதபுரம் சீமையில், ஆதிதிராவிடர்கள்மேல் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. முழங்கால், இடுப்பு என்று உடம்பில் கோடு கிழித்து அளந்திருக்கிறார்கள் பாருங்கள். இந்த வரலாறு உள்ள மண்ணில் ஒரு பையனின் வேட்டி கரண்டையைத் தொடுகிறது என்று எழுதினால், அந்தக் கரண்டைக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு பெண் தாவணி போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறாள் என்பதும் எல்லாக் குடும்பத்திலும் ஒரே பொருள் தராது. சாதியைச் சொல்லாமல் உடுப்பை மட்டும் வர்ணித்துக் கடந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பாதி அளவு நாடாவோடு தைக்க உட்கார்ந்தவர்கள்.

உடையை மாற்றும் முடிவு என்றால் மதுரைக்காரர்களுக்கு மேலமாசி வீதி நினைவுக்கு வரும். 1921 செப்டம்பர் 22 அன்று, அங்கே ஒரு வீட்டு மாடியில்தான் காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டு முழங்கால் அளவுத் துணிக்கு வந்தார். பெரும்பாலானவர்கள் கவனிக்காத இரண்டு நுணுக்கங்கள் அந்தச் சம்பவத்தில் உண்டு. மதுரைக்கு வரும் ரயில் பெட்டியில் கதர் உடுத்தச் சொன்னபோது, விலை அதிகம், வாங்க வசதியில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். ஆக, முடிவுக்குப் பின்னால் ஒரு மீட்டர் கணக்கு இருந்தது. இரண்டாவது, அந்த உடையை முதலில் அக்டோபர் 31 வரைக்குமாவது என்றுதான் அறிவித்தார். ஒரு மாதச் சொச்சத்துக்கு என்று எடுத்த முடிவு ஆயுளுக்கும் நின்றுவிட்டது. அப்போது அவருக்கு 52 வயது நிறையப் பத்து நாள் பாக்கி, வளர்பருவக் கதை என்று சொல்ல முடியாது. ஆனால் பதினைந்து வயதுப் பாத்திரத்துக்கு உடை மாற்றம் எழுதுகிறவர்கள் இங்கே கற்றுக்கொள்ளலாம். “இனி வாழ்நாளில் டவுசர் போட மாட்டேன்” என்று சபதம் போடும் பையன் நாடகத்தில் வருகிறவன். “இந்தத் திருவிழா முடியட்டும், அதுவரைக்கும் வேட்டி” என்று சொல்லிவிட்டு, திருவிழா முடிந்தும் டவுசரை எடுக்காமல் இருக்கிறவன் தெருவில் இருப்பவன்.

பெண்ணின் கதையில் தைக்காத துணி படிப்படியாகக் கூடுகிறது. பாவாடை சட்டையில் ஒன்றுமில்லை. தாவணியில் இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர். சேலையில் ஐந்தரை. கிராமத்துப் பாட்டிகளின் பின்கொசுவக் கட்டுக்கு அதற்கும் மேலே. வரிசை இப்படி அழகாக இருக்கிறது என்று அப்படியே எழுதிவிடக் கூடாது, ஏனென்றால் நடப்பில் இது நேர்கோட்டில் போவதில்லை. சடங்கு வீட்டில் தாய்மாமன் சீர் வந்து இறங்கியதும், பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அந்தத் தட்டில் வந்த பட்டுச்சேலையைத்தான் கட்டிவிடுகிறார்கள். முதல்நாளே முழுச்சேலை. சடங்கு முடிந்து கழற்றிய பிறகு தாவணிக்கு இறங்குகிறாள். கல்யாண வயதில் இருக்க வேண்டியவளாக ஒருநாள் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, பாதி வழிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த முன்னும் பின்னும்தான் அந்தப் பருவத்தின் குழப்பம். நாவல்களில் நேராகத் தாவணியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவதால் அது காணாமல் போகிறது.

அந்த ஒருநாள் சேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாலே முக்கால் அடிப் பெண்ணுக்கு அந்தப் பன்னா அதிகம், இடுப்பில் உள்ளே திணிக்கத் திணிக்க வயிற்றில் பொதியாகும். பட்டின் கனத்தைத் தாங்கியாக வேண்டும் என்று அத்தையோ மதினியோ உள்பாவாடை நாடாவை மூச்சு முட்ட இழுத்து முடிச்சுப் போடுவாள். தோளில் ஊக்கு, இடுப்பில் ஊக்கு, கொசுவத்தில் ஊக்கு. சாயங்காலம் எல்லாம் கழற்றியபின் இடுப்பைச் சுற்றி நாடா பதிந்த சிவந்த தடம் இருக்கும், சொறிந்தால் சுகமாக இருக்கும். போட்டோவில் வருவது சேலை. அவளுக்கு நினைவிருப்பது அந்தத் தடம்.

அதே நாட்களில் அவள் உடுத்திய பழைய துணியைச் சலவைத் தொழிலாளி வீட்டு அம்மா எடுத்துக்கொண்டு போவதும், ‘மாத்து’ என்ற மாற்றுத்துணியைக் கொண்டு வந்து கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. வயதுக்கு வந்த பெண்ணின் கதையை எழுதும்போது, அந்தத் துணியைத் துவைத்த வீட்டிலும் அதே வயதில் ஒரு பெண் இருந்திருப்பாள் என்பதை யாராவது ஒருவர் முழு நாவலாக எழுதலாம்.

பட்டுக்கும் சடங்குக்கும் பிறகு, எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிவது ஒரு சின்னக் கேள்விதான். வயதுக்கு வந்தபின் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று அங்குலம்தான் வளர்வார்கள். அம்மாக்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். தாவணிக்கு ஜோடியாகப் புதுப்பாவாடை தைக்கப் போகும்போது தையல்காரர் பழக்கத்தில் கேட்கிறார், “டக் எத்தன வைக்க?” அம்மா சொல்கிறாள், “வேணாம்ணே, இனிமே எதுக்கு?” பக்கத்தில் நிற்கும் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று வருசத்து வளர்ச்சியைத் துணிக்குள் மடித்து வைத்துக் காத்திருந்தவர்கள் இன்றைக்கு அதை வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தப் பெண் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் எழுதிவிட்டு அத்தியாயத்தை முடித்துவிடலாம்.

சுங்குடியைக் கதைக்குள் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை, புள்ளிப் புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவது. கைமுடிச்சுச் சேலையில் புள்ளிகள் ஒழுங்கற்று இருக்கும். முடிச்சைப் பிரித்த இடத்தில் துணி சிறு முனையாகச் சுருங்கி நிற்கும், தடவினால் விரலில் தட்டும். துவைக்கத் துவைக்க அந்த முனை படிந்துவிடும். அச்சில் அடித்ததில் புள்ளி சுத்த வட்டம், விரலுக்கு ஒன்றும் தெரியாது. கூலிக்கு முடிச்சுப் போடும் வீட்டுப் பெண்ணை எழுதினால், கடையில் ஒரு சேலையைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி அவள் தரம் சொல்லட்டும். அவள் எங்கே வளர்ந்தாள் என்று தனியாக விளக்க வேண்டாம்.

காலப்பிழைகள் அதிகம் நேர்வது பள்ளிச் சீருடையில். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை என்ற திட்டம் 1985இல் வந்தது. அதற்கு முந்தைய கதையில் அதைக் கொண்டுவர முடியாது. காக்கி டவுசர், வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, தாவணி என்று இருந்த காலமும் மெரூனுக்கு மாறிய காலமும் வேறு வேறு. 1988இல் அரசுப் பள்ளி மாணவிக்குச் சுடிதார் சீருடை போட்டுவிட்டால் அந்த வகுப்பில் படித்த வாசகி அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவாள். இன்னொன்று, இலவசச் சீருடை உடம்புக்கு அளந்து தைத்தது இல்லை. ஒன்று தொளதொளக்கும், இல்லை என்றால் பிடிக்கும். சில அம்மாக்கள் அதைப் பிரித்துத் திருப்பித் தைக்கக் கொடுப்பார்கள். சீருடை எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்று கட்டுரைகளில் எழுதுவார்கள். யார் வீட்டில் பிரித்துத் தைக்கக் காசு இருந்தது என்பது சோல்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். தையல் கடை என்றால் மீனாட்சி கோவிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம் என்று எழுதுகிறவர்களும் வருசத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் ஓடிய அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

இதையெல்லாம் எப்படி நினைவில் வைத்து எழுதுவது? ஒரு பேரேடு போடுவதுதான் வழி. முக்கியப் பாத்திரத்தின் ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு வரி: எந்த வருசம் வந்தது, யார் காசு, இதற்கு முன் யார் போட்டது, உள்மடிப்பில் எத்தனை அங்குலம் பாக்கி, எங்கே கறை, யார் துவைக்கிறார்கள், கடைசியில் என்ன ஆகிறது. கடைசிக் கட்டம்தான் பலர் மறப்பது. நம் வீடுகளில் துணி சாவதே இல்லை. சட்டை கரித்துணியாகி அடுப்பிலிருந்து சட்டி இறக்கும், வேட்டி கிழிந்து தொட்டில் ஆகும், சேலை பாயின் மேல் விரிப்பாகும். நூறாவது பக்கத்தில் ஒரு பட்டன் போனது என்றால் நூற்றிருபதாவது பக்கத்தில் அது தானாக முளைத்திருக்கக் கூடாது, அரைஞாண் கயிற்றில் செருகியோ ஊக்குக் குத்தியோ சமாளித்திருக்க வேண்டும்.

பேரேட்டில் இருபது உடுப்பு இருக்கலாம், கதையில் பேச வைப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று. எல்லாத் துணியும் பேசினால் ஜவுளிக்கடை இரைச்சல்தான் கேட்கும். பேசப்போகும் துணியை முதல் தடவை காட்டும்போது ஒரு விசேசமும் இல்லாமல், கொடியில் தொங்குகிற பத்தோடு பதினொன்றாகக் காட்ட வேண்டும். அங்கேயே உவமை போட்டு அலங்கரித்தால் வாசகர் உசாராகிவிடுவார். இரண்டாவது தடவை அது வேலை செய்ய வேண்டும், மூன்றாவதில் சேதப்பட வேண்டும். கடைசியாக அது வருமானால் வேறு உடம்பில் வரட்டும். பெண்ணின் தாவணியைத் தங்கச்சி போட்டிருக்கிறாள், அப்பாவின் வேட்டியைப் பையன் கட்டியிருக்கிறான், பையனின் ஒட்டுப்போட்ட டவுசரில் வேறொரு வீட்டுப் பொடியன் கோலி விளையாடிக்கொண்டிருக்கிறான். பெரும்பாலும் இது போதும்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு நடக்கும் கதைகளில் தைத்ததிலிருந்து தைக்காததுக்கு என்ற வரிசையே உடைந்துவிட்டது. பெண்கள் தாவணியைத் தாண்டிச் சுடிதாருக்குப் போனார்கள், சேலை கட்டிய அம்மாக்கள் வீட்டுக்குள் நைட்டிக்கு வந்தார்கள். இரண்டும் தைத்தவை. ஆனால் நைட்டி, தைத்ததாக இருந்துகொண்டே யாரையும் அளக்காத துணி, தோளிலிருந்து நேராகத் தொங்குவது. சுடிதாருக்கு ஒரு துப்பட்டா கூட வந்தது, இரண்டரை மீட்டர் தைக்காத துணி, தாவணியின் அளவேதான். ஊக்குக் குத்தி இரண்டு தோளிலும் நிறுத்திய துப்பட்டா, ஒரு தோளில் விட்டது, கழுத்தில் மாலையாகக் கிடந்தது, கடைசியில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது என்று இன்றைய பெண்ணின் கதையை அந்த இரண்டரை மீட்டரை வைத்தே எழுதலாம்.

நைட்டிக்கும் அப்படி ஒரு தைக்காத துணி வந்து சேர்ந்துவிட்டது. காலையில் தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டதும் செல்லூரிலோ ஜெய்ஹிந்த்புரத்திலோ ஒரு சந்தில் பாருங்கள். குடத்தோடு வெளியே ஓடிவருகிற பெண், வாசலைத் தாண்டுவதற்குள் கொடியில் கிடக்கும் ஆம்பளைத் துண்டு ஒன்றை உருவி, நைட்டிக்கு மேலே குறுக்காகப் போட்டுக்கொள்கிறாள். பின்னாலேயே வரும் பன்னிரண்டு வயது மகள், இன்னும் துண்டு போடச் சொல்லாத வயது, சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவின் தோளைப் பார்க்கிறாள்.